பிரதியிடல் எப்போது கைகொடுக்கும், எப்போது கைவிடும்? – விகிதமுறு சார்புகளின் தொகையிடல்

எமரால்டு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உதகைக்கு அப்பால் எமரால்டில் இருந்து எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்குத் தொகை நுண்கணிதம் நடந்துகொண்டிருக்கிறது. மழை விடுமுறையில் பயிற்சிக் கணக்குகளைத் தனியே போட்டுப் பார்த்தபோது எழுந்த இரண்டு ஐயங்களை இங்கே வைக்கிறேன். கைபேசியில் தட்டச்சு செய்வதால் மாறியை எக்ஸ் என்றும், பிரதியிடும் புதிய மாறியை யு என்றும், தொகையிடல் மாறிலியை சி என்றும் எழுதுகிறேன். லாக் என்று வரும் இடமெல்லாம் இயல் மடக்கையையே குறிக்கும்.

முதல் ஐயம் இந்த மூன்று கணக்குகளைப் பற்றியது:

(அ) ∫ எக்ஸ் / (எக்ஸ்² + 1) டிஎக்ஸ்
(ஆ) ∫ எக்ஸ்² / (எக்ஸ்² + 1) டிஎக்ஸ்
(இ) ∫ எக்ஸ்³ / (எக்ஸ்² + 1) டிஎக்ஸ்

பகுதி மூன்றுக்கும் ஒன்றே. யு = எக்ஸ்² + 1 என்று பிரதியிட்டால் முதலாவதும் மூன்றாவதும் முடிந்துவிடுகின்றன, ஆனால் நடுவில் இருக்கும் (ஆ) மட்டும் முன்பைவிடச் சிக்கலாகிவிடுகிறது. என் குறிப்பேட்டில் அது ½ ∫ √(யு − 1) / யு டியு என்று வந்து நிற்கிறது. எழுதிப் பார்க்காமலேயே இதை முன்கூட்டி அறிய வழி உண்டா?

இரண்டாவது ஐயம்: ∫ எக்ஸ் / (எக்ஸ் + 1) டிஎக்ஸ் என்ற கணக்கை யு = எக்ஸ் + 1 என்று பிரதியிட்டுச் செய்தால் எக்ஸ் + 1 − லாக்|எக்ஸ் + 1| + சி என்று வருகிறது. தொகுதியைப் பகுதியால் வகுத்துவிட்டுச் செய்தால் எக்ஸ் − லாக்|எக்ஸ் + 1| + சி என்று வருகிறது. விடைப் பகுதியில் இரண்டாவதே இருக்கிறது. தேர்வில் முதலாவதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

குன்னூர் கணித ஆசிரியர் எழுதியது:

எமரால்டு மாணவிக்கு வணக்கம். கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாய் அம்மா. பகுதியைக் கண்டதும் “யு என்க” என்று எழுதிவிடும் பழக்கம் வகுப்பறையில் வேரூன்றிவிட்டது. பகுதியை மட்டும் பார்ப்பவருக்கு உன் மூன்று கணக்குகளும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றை வேறுபடுத்துவது தொகுதிதான்.

யு = எக்ஸ்² + 1 என்று வைத்த உடனே டியு = 2எக்ஸ் டிஎக்ஸ் என்பதும் சேர்ந்தே வருகிறது. ஆகவே பழைய டிஎக்ஸ் தனியாகப் போவதில்லை, தன்னுடன் ஓர் எக்ஸையும் அழைத்துக்கொண்டுதான் போகும். அந்த எக்ஸைத் தொகுதி தர வேண்டும். தந்த பிறகு தொகுதியில் என்ன எஞ்சுகிறது என்று பார். (அ)வில் எதுவும் எஞ்சவில்லை. எனவே ½ ∫ டியு / யு ஆகி, விடை ½ லாக்(எக்ஸ்² + 1) + சி. எக்ஸ்² + 1 எப்போதும் மிகை என்பதால் மட்டுக்குறி இங்கே தேவையில்லை. (இ)யில் எக்ஸ்³ என்பதை எக்ஸ்² · எக்ஸ் என்று பிரித்து ஓர் எக்ஸை டிஎக்ஸுக்குக் கொடுத்துவிட்டால் எக்ஸ்² எஞ்சுகிறது. அது யு − 1 என்பதால் ½ ∫ (யு − 1) / யு டியு கிடைக்கிறது. விடை ½(எக்ஸ்² + 1) − ½ லாக்(எக்ஸ்² + 1) + சி.

(ஆ)வில் ஓர் எக்ஸைக் கொடுத்த பிறகு இன்னோர் எக்ஸ் எஞ்சி நிற்கிறது. அதை யு-வால் சொல்ல வேண்டுமானால் வர்க்கமூலம் தவிர்க்க முடியாதது. அதிலும் எக்ஸ் மிகையாக இருந்தால் +√(யு − 1), குறையாக இருந்தால் −√(யு − 1) என்று இருவேறு கூற்றுகள் தேவைப்படும். உன் குறிப்பேட்டில் வந்த வடிவம் எக்ஸ் மிகையாக இருக்கும் பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். இங்கே பிரதியிடலை விட்டுவிட்டு வகுத்தல் செய்வதே நேரான வழி:

எக்ஸ்² / (எக்ஸ்² + 1) = 1 − 1 / (எக்ஸ்² + 1)

இதன் தொகை எக்ஸ் − டேன்⁻¹ எக்ஸ் + சி. தொகுதியின் படி பகுதியின் படிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும் எல்லாக் கணக்குகளிலும் முதலில் வகுத்துவிட்டு மேலே செல்வது நல்லது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இனி, முன்கூட்டி அறியும் வழி. எக்ஸுக்குப் பதில் −எக்ஸ் இட்டுப் பார்த்துச் சார்பு ஒற்றைப்படைச் சார்பா (குறி மட்டும் மாறுவது), இரட்டைப்படைச் சார்பா (எதுவும் மாறாதது) என்று சோதித்துக்கொள். ஒற்றைப்படையான எந்த விகிதமுறு சார்பையும் (ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொன்றால் வகுத்த வடிவம்) எக்ஸ் × (எக்ஸ்²-இன் விகிதமுறு சார்பு) என்று எழுதிவிடலாம். ஆகவே யு = எக்ஸ்² என்ற பிரதியிடல் அங்கே எப்போதும் செல்லும், புதிய கணக்கின் படியும் பாதியாகக் குறையும். (அ)வும் (இ)யும் ஒற்றைப்படைச் சார்புகள், (ஆ) இரட்டைப்படைச் சார்பு; யு = எக்ஸ்² + 1 என்பதும் இதே பிரதியிடல்தான், ஒன்றைக் கூட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

மாறிலி குறைந்தால் நாம் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம். ½ என்பதைத் தொகைக் குறிக்கு வெளியே வைத்து உள்ளே 2 சேர்ப்பதில் தவறு எதுவும் இல்லை. மாறி குறைந்தால் அப்படிச் சேர்க்க இயலாது. 1/எக்ஸ் என்பதை வெளியே எடுத்துவிட்டு உள்ளே எக்ஸ் சேர்க்கும் விடைத்தாள்களைத் திருத்தும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனெனில் மற்ற எல்லாப் படிகளையும் அந்தப் பிள்ளைகள் பொறுமையாகச் செய்திருப்பார்கள்.

கூடலூர் பொறியியல் மாணவர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதன் நீட்சியாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எக்ஸ்² என்ற இடத்தில் எக்ஸ்⁵ இருந்தாலும் இதே எண்ணம் செல்லும். அப்போது டியு தன்னுடன் எக்ஸ்⁴ என்பதை அழைத்துச் செல்லும். நுழைவுத் தேர்வுப் பயிற்சித் தாள்களில் அடிக்கடி வரும் வடிவம் இது:

∫ 1 / [எக்ஸ்(எக்ஸ்⁵ + 1)] டிஎக்ஸ்

தொகுதியில் எக்ஸ்⁴ கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தொகுதியையும் பகுதியையும் எக்ஸ்⁴-ஆல் பெருக்கினால் எக்ஸ்⁴ / [எக்ஸ்⁵(எக்ஸ்⁵ + 1)] ஆகிவிடுகிறது. யு = எக்ஸ்⁵ என்க; 1/5 ∫ டியு / [யு(யு + 1)] கிடைக்கிறது. இதைப் பகுதிப் பின்னங்களாக, அதாவது 1/யு − 1/(யு + 1) என்ற எளிய பின்னங்களாகப் பிரித்தால் விடை (1/5) லாக்|எக்ஸ்⁵ / (எக்ஸ்⁵ + 1)| + சி.

தங்கை, இங்கே மாறியைக் கொண்டுவந்து சேர்த்ததுபோல் தோன்றும். மேலும் கீழும் ஒன்றையே பெருக்கியிருப்பதால் சார்பின் மதிப்பு மாறவில்லை, தொகைக் குறிக்கு வெளியே எந்த மாறியும் செல்லவும் இல்லை. ஆசிரியர் ஐயா தடுத்தது வேறு, இது வேறு.

எமரால்டு மாணவி எழுதியது:

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. ஒற்றைப்படை, இரட்டைப்படைச் சோதனையைப் பயிற்சியில் இருந்த மற்றக் கணக்குகளுக்கும் செய்து பார்த்தேன். ஆனால் (2எக்ஸ் + 3) / (எக்ஸ்² + 4எக்ஸ் + 13) என்ற சார்பு இரண்டு வகையிலும் சேரவில்லை. என்னுடைய இரண்டாவது ஐயமும் அப்படியே நிற்கிறது.

உதகை ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

இரண்டாவது ஐயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உன் இரண்டு விடைகளும் சரியானவை, மதிப்பெண்ணும் கிடைக்க வேண்டும். எக்ஸ் + 1 − லாக்|எக்ஸ் + 1| என்பதும் எக்ஸ் − லாக்|எக்ஸ் + 1| என்பதும் ஒன்றுக்கொன்று 1 என்ற மாறிலியால் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த 1-ஐ சி தன்னுள் வாங்கிக்கொள்ளும். ∫ டிஎக்ஸ் / 2எக்ஸ் என்ற மிக எளிய கணக்கிலும் இது நிகழும். ½-ஐ வெளியே எடுத்தால் ½ லாக்|எக்ஸ்|, யு = 2எக்ஸ் என்று பிரதியிட்டால் ½ லாக்|2எக்ஸ்|; இரண்டுக்கும் இடையே இருப்பது ½ லாக் 2 என்ற எண். விடைப் பகுதியோடு உன் விடை பொருந்தாதபோது இரண்டையும் கழித்துப் பார். எக்ஸ் அனைத்தும் நீங்கி எண் மட்டும் எஞ்சினால் கவலை வேண்டாம். அதிலும் மனம் அமைதி அடையாவிட்டால் விடையை வகையிட்டுப் பார். கணிதத்தில் வினாத்தாளைக் கொண்டே விடையைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதி இந்தப் பாடத்துக்கு இருப்பதுபோல் வேறு பாடங்களுக்கு அதிகம் இல்லை.

பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் கடந்துபோகும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எக்ஸ் / (எக்ஸ் + 1) என்ற சார்பு எக்ஸ் = −1 என்ற புள்ளியில் வரையறுக்கப்படவில்லை. அதன் வளைவரை அந்த இடத்தில் இரண்டு துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. இடப்பக்கத் துண்டுக்கு ஒரு சி, வலப்பக்கத் துண்டுக்கு வேறொரு சி என்று வைத்தாலும் வகைக்கெழு அதேதான். ஒரே சி என்று எழுதுவது வழக்கம். ஆனால் அந்த இடைவெளியைத் தாண்டி எல்லைகளைப் போட்டுவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த வழக்கத்துக்குள் மறைந்துவிடுகிறது.

கோத்தகிரி தனிப்பயிற்சி ஆசிரியை எழுதியது:

மாணவி கேட்ட (2எக்ஸ் + 3) கணக்கு: பகுதியின் வகைக்கெழு 2எக்ஸ் + 4. தொகுதி 2எக்ஸ் + 3 என்பதை (2எக்ஸ் + 4) − 1 என்று எழுதிக்கொள். முதல் துண்டுக்கு யு = எக்ஸ்² + 4எக்ஸ் + 13; அது லாக் ஆகிவிடும். இரண்டாவது துண்டில் பகுதி (எக்ஸ் + 2)² + 9 என்பதால் யு = எக்ஸ் + 2. மொத்த விடை:

லாக்(எக்ஸ்² + 4எக்ஸ் + 13) − (1/3) டேன்⁻¹[(எக்ஸ் + 2)/3] + சி

ஒரே கணக்குக்குள் இரண்டு துண்டுகள் இரண்டு வெவ்வேறு பிரதியிடல்களைக் கேட்கின்றன. கீழே ஒருபடிக் காரணிகளாகப் பிரியாத இருபடிக் கோவையும் மேலே ஒருபடிக் கோவையும் இருக்கும் எல்லாக் கணக்குகளும் இந்த வழியிலேயே முடியும்.

மஞ்சூர் தாவரவியல் மாணவி எழுதியது:

நான் கணிதம் படிப்பவள் அல்லள், ஆனால் இந்த வகைத் தொகை ஒன்று எங்கள் பாடத்தில் தவறாமல் வரும் என்பதால் எழுதுகிறேன். அவலாஞ்சிப் பக்கம் சோலைகளுக்கு இடையே இருக்கும் புல்வெளிகளின் விளிம்பில் நடந்திருப்பவர்களுக்குச் சீகை மரம் பரவும் விதம் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் இருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. பெரிய மரங்கள் நிற்கும் வரிசைக்கு முன்னால், புல்லுக்கு நடுவே முழங்கால் உயரக் கன்றுகள் நெருக்கமாக எழுந்து நிற்கும். புல்வெளிக்குள் செல்லச் செல்ல அவை அருகிப்போகும்.

இப்படிப் பரவும் ஒன்றுக்கு எளிய மாதிரியாக எழுதப்படும் சமன்பாடு, பரவிய பங்கு ஒய் என்றும் காலம் டி என்றும் பரவும் வீதத்தைக் குறிக்கும் மாறிலி ஆர் என்றும் கொண்டால், பரவும் வேகம் ஆர் × ஒய் × (1 − ஒய்) என்பதாகும். ஒய் சிறிதாக இருக்கும்போது விதைக்கு மரம் குறைவு, 1-ஐ நெருங்கும்போது பரவ இடம் குறைவு. அதனால் இரண்டு முனைகளிலும் வேகம் மந்தமாக இருக்கும். உண்மையான மலைச்சரிவில் தீ, மண், மேய்ச்சல், வெட்டுதல் என்று பல காரணங்கள் குறுக்கிடும் என்பதால் இதைப் பருவரைவாக மட்டுமே கொள்ள வேண்டும். தீர்க்க வேண்டிய தொகை இதுதான்:

∫ 1 / [ஒய்(1 − ஒய்)] டிஒய்

எங்களுக்குப் பகுதிப் பின்னங்கள் வழியாகவே இது சொல்லித்தரப்படுகிறது. பிரதியிடலால் இதை முடிக்க முடியுமா என்று ஆசிரியர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

குன்னூர் கணித ஆசிரியர் எழுதியது:

முடியும் அம்மா. இந்தச் சார்புக்கு அந்த வழி மிகவும் பொருத்தமாகவும் இருக்கிறது. யு = ஒய் / (1 − ஒய்) என்க. வகையிட்டால் டியு = டிஒய் / (1 − ஒய்)² கிடைக்கும். டியு-வை யு-வால் வகுத்தால் ஒரு (1 − ஒய்) நீங்கி, சரியாக டிஒய் / [ஒய்(1 − ஒய்)] வந்து நிற்கிறது. ஆகவே முழுத் தொகையும் ∫ டியு / யு, அதாவது லாக் யு. ஒய் 0-க்கும் 1-க்கும் இடையில் இருப்பதால் மட்டுக்குறி தேவையில்லை.

இந்த யு வெறும் கணக்கு வசதிக்காக வந்ததன்று என்பதையும் கவனிக்க வேண்டும். பரவிய பங்குக்கும் பரவாத பங்குக்கும் உள்ள விகிதமே அது. லாக் யு = ஆர் டி + சி என்பதால், அந்த விகிதம் அடுக்குக்குறி விதிப்படி சீராகப் பெருகுகிறது. பத்தில் ஒரு பங்கு பரவியிருக்கும்போது யு = 1/9, பாதி பரவியபோது 1, பத்தில் ஒன்பது பங்கு பரவியபோது 9. ஒவ்வொரு கட்டத்திலும் யு ஒன்பது மடங்காகிறது. எனவே இந்த மாதிரியின்படி பத்து விழுக்காட்டில் இருந்து ஐம்பதுக்குச் செல்லும் காலமும், ஐம்பதில் இருந்து தொண்ணூறுக்குச் செல்லும் காலமும் சமம். இரண்டுமே (லாக் 9) / ஆர், அதாவது ஏறத்தாழ 2.197 / ஆர். பகுதிப் பின்னங்களும் இதே விடையைத் தரும். ஆனால் எந்த அளவு சீராகப் பெருகுகிறது என்பதை அவ்வழி வெளியே காட்டாது. நல்ல பிரதியிடல் கணக்கின் உள்ளமைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கூடலூர் பொறியியல் மாணவர் எழுதியது:

உதகை ஐயா எழுதிய எச்சரிக்கையைப் படித்ததில் இருந்து ஒரு கணக்கு மனத்தை விட்டு அகலவில்லை:

∫ (எக்ஸ்² + 1) / (எக்ஸ்⁴ + 1) டிஎக்ஸ்

இது இரட்டைப்படைச் சார்பு என்பதால் யு = எக்ஸ்² உதவாது. தொகுதியையும் பகுதியையும் எக்ஸ்²-ஆல் வகுத்தால் தொகுதி 1 + 1/எக்ஸ் ², பகுதி எக்ஸ்² + 1/எக்ஸ் ² ஆகும். யு = எக்ஸ் − 1/எக்ஸ் என்று பிரதியிட்டால் டியு = (1 + 1/எக்ஸ் ²) டிஎக்ஸ்; பகுதி யு² + 2. விடை (1/√2) டேன்⁻¹[(எக்ஸ்² − 1) / (√2 எக்ஸ்)] + சி. இதுவரை எல்லாப் பயிற்சி நூல்களிலும் இருப்பதுதான்.

இப்போது −1 முதல் 1 வரை எல்லைகளைப் போட்டால் மேல் எல்லையிலும் 0, கீழ் எல்லையிலும் 0. தொகை 0 என்று வருகிறது. ஆனால் சார்பு எங்குமே குறையாகவோ பூச்சியமாகவோ ஆவதில்லை. எக்ஸ் = 0 என்ற இடத்திலும் சார்பு 1 என்ற மதிப்போடு ஒழுங்காகவே இருக்கிறது. வளைவரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் பரப்பு இருக்க, அது எப்படிப் பூச்சியம் ஆகும்?

உதகை ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

தம்பி, மிக நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். சார்பில் உடைப்பு இல்லை, பிரதியிடலில்தான் உடைப்பு இருக்கிறது. யு = எக்ஸ் − 1/எக்ஸ் என்பது எக்ஸ் = 0 என்ற புள்ளியில் வரையறுக்கப்படவில்லை. எக்ஸ் −1-இல் இருந்து 0-வை நோக்கி வரும்போது யு 0-வில் தொடங்கி மிகை முடிவிலிக்கு ஏறுகிறது. 0-வைத் தாண்டிய மறுகணம் குறை முடிவிலியில் இருந்து புறப்பட்டு, எக்ஸ் = 1-இல் மீண்டும் 0-வுக்கு வருகிறது. ஆகவே டேன்⁻¹ கோவை எக்ஸ் = 0-வில் π/2-இல் இருந்து −π/2-க்குக் குதிக்கிறது. அந்தக் குதிப்பைக் கணக்கில் கொள்ளாமல் இரு முனைகளை மட்டும் கழித்ததால்தான் பூச்சியம் வந்தது.

சரியான வழி, தொகையை 0-வில் இரண்டாகப் பிரிப்பது. 0-வில் இருந்து 1 வரை (1/√2)[0 − (−π/2)] = π / (2√2). சார்பு இரட்டைப்படை என்பதால் இடப்பக்கமும் அதே அளவு; மொத்தம் π/√2, ஏறத்தாழ 2.221. −1 முதல் 1 வரை சார்பின் மதிப்பு 1-க்குக் குறையாமலும் 1.21-ஐத் தாண்டாமலும் இருப்பதால், 2 அலகு நீளத்துக்கு இந்த விடை பொருந்தி வருகிறது.

உடைப்பே இல்லாத தொகை வேண்டுமானால் பகுதியைக் காரணிப்படுத்த வேண்டும்: எக்ஸ்⁴ + 1 = (எக்ஸ்² + √2 எக்ஸ் + 1)(எக்ஸ்² − √2 எக்ஸ் + 1). அப்போது நம் சார்பு இந்த இரண்டு இருபடிக் கோவைகளின் தலைகீழிகளுடைய கூட்டலில் பாதி. ஒவ்வொன்றையும் முழு வர்க்கமாக்கித் தொகையிட்டால்

(1/√2)[டேன்⁻¹(√2 எக்ஸ் + 1) + டேன்⁻¹(√2 எக்ஸ் − 1)] + சி

என்று கிடைக்கும். இது எல்லா எக்ஸுக்கும் தொடர்ச்சியானது. எக்ஸ் = 1 என்று இட்டால் இரண்டு கோணங்களும் 67.5 பாகையும் 22.5 பாகையுமாக வந்து π/2 ஆகக் கூடுகின்றன, −1-இல் −π/2. வேறுபாட்டை √2-ஆல் வகுத்தால் அதே π/√2.

இந்தக் காரணிப்படுத்தலைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தியும் உண்டு. விகிதமுறு சார்புகளைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்துத் தொகையிடும் முறையை 1702இல் வெளியிட்டபோது, எக்ஸ்⁴ + 1 போன்ற பகுதியை மெய்யெண் கெழுக்கள் கொண்ட இருபடிக் காரணிகளாகப் பிரிக்க இயலாது என்றும், அதனால் அதன் தலைகீழியின் தொகையை மடக்கையாலும் வட்டச் சார்புகளாலும் சொல்ல முடியாது என்றும் லைப்னிட்ஸ் கருதினார். தொகைக் குறியை 1675இல் உருவாக்கியவரே அவர். அந்தக் காரணிகள் நம் மாணவர்கள் எக்ஸ்⁴ + 1 என்பதை (எக்ஸ்² + 1)² − 2எக்ஸ்² என்று எழுதினாலே வெளிவந்துவிடுகின்றன.

எமரால்டு மாணவி எழுதியது:

ஐயா, அப்படியானால் 1 / (எக்ஸ்⁴ + 1) என்பதன் தொகையைப் பிரதியிடல் வழியாகவே பெற முடியுமா என்று முயன்று பார்த்தேன். தொகுதி 1 என்பதை ½[(எக்ஸ்² + 1) − (எக்ஸ்² − 1)] என்று எழுதினால் முதல் துண்டு கூடலூர் அண்ணா போட்ட கணக்காகிவிடுகிறது. இரண்டாவது துண்டையும் எக்ஸ்²-ஆல் வகுத்தால் தொகுதி 1 − 1/எக்ஸ் ² ஆகிறது. எனவே அதற்கு யு = எக்ஸ் + 1/எக்ஸ் என்பதே பொருந்துகிறது; பகுதி யு² − 2. இரண்டையும் சேர்த்தால்:

[1/(2√2)] டேன்⁻¹[(எக்ஸ்² − 1) / (√2 எக்ஸ்)] − [1/(4√2)] லாக்[(எக்ஸ்² − √2 எக்ஸ் + 1) / (எக்ஸ்² + √2 எக்ஸ் + 1)] + சி

லாக் உள்ளே இருக்கும் இரண்டு இருபடிக் கோவைகளும் நீங்கள் காட்டிய அதே காரணிகளாக வந்து நின்றதைப் பார்த்து மகிழ்ந்தேன். எக்ஸ் = 0-வில் டேன்⁻¹ குதிக்கும் என்பதால் எக்ஸ் மிகையாக இருக்கும் பக்கத்தில் மட்டும் இதைப் பயன்படுத்தி, 0 முதல் முடிவிலி வரையிலான தொகையைக் கணக்கிட்டேன். லாக் உறுப்பு இரு முனைகளிலும் பூச்சியத்தை அணுகுகிறது, டேன்⁻¹ உறுப்பு −π/2-இல் இருந்து π/2 வரை செல்கிறது. விடை π / (2√2). இது சரிதானா ஐயா?

உதகை ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

சரி. வேறு வழியிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். எக்ஸ் = 1/யு என்று பிரதியிட்டால் 0 முதல் முடிவிலி வரை 1/(எக்ஸ்⁴ + 1)-இன் தொகை, அதே எல்லைகளில் எக்ஸ்²/(எக்ஸ்⁴ + 1)-இன் தொகைக்குச் சமம் என்று தெரியவரும். ஆகவே உன் விடை (எக்ஸ்² + 1)/(எக்ஸ்⁴ + 1)-இன் தொகையில் சரிபாதியாக இருக்க வேண்டும். 0 முதல் முடிவிலி வரை அந்தத் தொகை π/√2. அதில் பாதி π/(2√2).